சுற்றுக்கு ஒரு டிக்

பொம்மசந்திராவில் பிஸ்கட் கம்பெனிக்கும் ஊசிமருந்துக் கம்பெனிக்கும் நடுவே இசைத்தட்டு அடிக்கும் தொழிற்சாலை ஒன்று இருக்கிறது. மூன்று பிரஸ். இருபத்தாறு பேர். பின்கட்டில், சுவரில் கம்பளம் ஒட்டிய சிறிய அறையில் சீதாலட்சுமி காலை எட்டரை முதல் மாலை ஐந்து வரை இசைத்தட்டு கேட்கிறார். அதற்குத்தான் சம்பளம்.

மகள் அனுஷா இதைக் கல்லூரியில் சொன்னபோது யாரும் நம்பவில்லை. "எங்கம்மா ஜாஸ் கேப்பாங்க, ராக் கேப்பாங்க, டெய்லி எட்டு மணி நேரம்" என்றாள். அதில் அம்மாவுக்கு எது பிடிக்கும் என்று கேட்டுவரச் சொன்னார்கள். பாட்டு நன்றாக இருக்கிறதா என்று சீதாலட்சுமி கேட்பதில்லை. பாட்டில் இல்லாத ஏதாவது தட்டில் இருக்கிறதா என்று கேட்கிறார்.

எந்தத் தட்டானாலும் அச்சுத் தகடு தயாரானதும் முதலில் ஐந்து மட்டும் அடிப்பார்கள். சோதனைத் தட்டு. அதைச் சீதாலட்சுமி இரண்டு பக்கமும் கேட்டு, தாளில் எழுதி, கீழே கையெழுத்துப் போட வேண்டும். அதன் பிறகுதான் மற்ற தட்டுகளை அடிப்பார்கள். எந்தப் பக்கம், எத்தனையாவது பாட்டு, எத்தனை நிமிடம், எத்தனை விநாடி, என்ன சத்தம் என்று தாளில் இருக்கும். சத்தங்களுக்கு அவர் வைத்த பெயர்கள் உண்டு. அங்கங்கே பொட்டுப் பொட்டென்று வெடித்தால் கடுகு. பின்னால் விடாமல் இரைந்தால் எண்ணெய். பிளாஸ்டிக் சரியாக நிரம்பாமல் கரகரத்தால் மணல். தொழிற்சாலையில் எல்லோரும் இப்போது அப்படித்தான் சொல்கிறார்கள். கோபன்ஹேகன் வாடிக்கையாளரிடமிருந்து வரும் மின்னஞ்சல்களில்கூடக் கடுகு என்று ஆங்கில எழுத்தில் எழுதியிருக்கும்.

சீதாலட்சுமிக்கு நாற்பத்து நான்கு வயது. பிறந்தது வாணியம்பாடிப் பக்கம். கல்யாணமாகி சந்தாபுராவுக்கு வந்தார். இங்கே சேர்வதற்கு முன் பதினாறு வருடம் தண்ணீர் பம்ப் மோட்டார் செய்யும் கம்பெனியில் இருந்தார். வரிசையின் கடைசியில் நிற்பார். மோட்டாரை ஓடவிட்டு, ஸ்குரூடிரைவரின் நுனியை அதன் மேல் வைத்து, கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்திக்கொள்வார். பேரிங் சரியில்லை என்றால் அங்கே தெரிந்துவிடும். ஒரு நாளைக்கு இருநூறு மோட்டார். அந்தக் கம்பெனி வேறு மாநிலத்துக்குப் போனபோது அவர் போகவில்லை.

இங்கே முதலில் அட்டையில் தட்டுப் போடும் வேலை. சேர்ந்து மூன்றாவது வாரம், இருபது அடி தள்ளி உட்கார்ந்திருந்தவர் எழுந்து போய், இரண்டாம் பிரஸ் ஓட்டும் மஞ்சுநாத்திடம், "இதோட பம்ப்புல பேரிங் போகுது, நிறுத்துப்பா" என்றார். மஞ்சுநாத் சிரித்தான். வெள்ளிக்கிழமை பேரிங் போனது. திங்கட்கிழமை முதலாளி கிஷோர் அவரைக் கம்பள அறைக்குக் கூட்டிக்கொண்டு போய் நாற்காலியைக் காட்டினார்.

கிஷோர் மென்பொருள் வேலையை விட்டுவிட்டு வந்தவர். முப்பத்தெட்டு வயது. ஜாஸ் பைத்தியம். அவர் இந்தத் தொழிலில் இறங்கியதே ஒரு குறிப்பிட்ட தட்டை என்றாவது மறுபடி அடிக்க வேண்டும் என்றுதான் என்று சொல்வார்கள். 'லேட் பஸ் டு அல்சூர்'. ஆஸ்கர் பால்மர் என்ற கன்டோன்மென்ட் டிரம்பெட்காரரின் குழு, ஐந்து பேர். 1970இல் மதராஸுக்கு ரயிலேறிப் போய் இரண்டு நாளில் பதிவு செய்துவிட்டு வந்தார்கள். முந்நூறு தட்டு அடித்தார்கள். பாதி விற்கவில்லை. பிறகு எப்படியோ அது கடல் தாண்டிப் போய், ஜாஸ் கேட்பவர்கள் பெயர் சொல்லும் தட்டாகிவிட்டது. மூல ஒலிநாடா எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது. கோபன்ஹேகன் வாடிக்கையாளரான சிறு வெளியீட்டாளரிடம் நல்ல நிலையில் ஒரு பழைய தட்டு இருந்தது. அதிலிருந்தே ஒலியை எடுத்துப் புதிதாக ஆயிரம் தட்டு அடிப்பது என்று பேசி முடித்தார்கள்.

தட்டிலிருந்து எடுப்பதால் அதன் கீறல்களும் சேர்ந்து வரும். அவற்றைக் கம்ப்யூட்டரில் துடைப்பவர் தொம்மலூரில் ஸ்டுடியோ வைத்திருக்கும் ஆண்ட்ரூ. எதைத் துடைக்க வேண்டும் என்று சொல்வது சீதாலட்சுமி.

முதல் சோதனைத் தட்டில் அவர் முப்பத்தொரு குறை எழுதினார். பெரும்பாலும் கடுகு. இரண்டாம் பக்கம் மூன்றாவது பாட்டில் மட்டும் வேறு மாதிரி. மெல்லிய டிக். நகத்தால் மரத்தைத் தட்டுவதுபோல. ஒன்று புள்ளி எட்டு விநாடிக்கு ஒருமுறை வந்தது. தட்டு ஒருமுறை சுற்ற ஆகும் நேரம் அதுதான். சுற்றுக்கு ஒரு டிக் என்றால் தட்டின் குறுக்கே கீறல். இருபது சுற்று விடாமல் வந்தால் எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விடலாம் என்பது அவரே வைத்த விதி. இருபது எண்ணினார். எழுதினார். 'மூன்றாவது பாட்டு முழுக்க, சுற்றுக்கு ஒரு டிக், பழைய தட்டின் கீறல்.'

ஆண்ட்ரூவின் கம்ப்யூட்டருக்கு ஒரு டிக்கைக் காட்டினால் போதும். அதே மாதிரி இருப்பவற்றையெல்லாம் தேடிப் பிடித்து அழித்துவிடும். அழித்தது. இரண்டாவது சோதனைத் தட்டு சுத்தமாக இருந்தது. கோபன்ஹேகன்காரர் எழுதினார்: இருபது வருடமாக என் தட்டில் கீறல் என்று அந்தப் பாட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன், உங்கள் சீதாவுக்கு நன்றி. கிஷோர் அதை அச்செடுத்துக் கம்பள அறைக் கதவில் ஒட்டினார். சீதாலட்சுமி கையெழுத்துப் போட்டார். மஞ்சுநாத் அடிக்கத் தொடங்கினான்.

ஜூடித் வந்தது புதன்கிழமை. அதற்குள் அறுநூற்று நாற்பது தட்டு அடித்தாகிவிட்டது. வெள்ளிக்கிழமை முதல் பாதி கிளம்ப வேண்டும்.

ஜூடித், குழுவில் பேஸ் வாசித்த டொமினிக்கின் மகள். ஆள் உயரத்துக்கு நிற்கும் பெரிய வயலின் மாதிரியானது பேஸ். தந்தியை விரலால் சுண்டி வாசிப்பார்கள். டொமினிக் பகலில் டெலிபோன் தொழிற்சாலையில் வேலை, மாலையில் பால்மர் குழு. ஜூடித்துக்கு அறுபத்தேழு வயது. லிங்கராஜபுரத்தில் இருக்கிறார். அவரிடமிருந்த தட்டின் அட்டை கோபன்ஹேகன் அட்டையைவிடப் பளிச்சென்று இருந்ததால், படமெடுக்க கிஷோர் வாங்கிவந்திருந்தார். அதைத் திரும்ப எடுத்துப் போக வந்தார். கிஷோர் டீ வரவழைத்து, கம்பள அறையில் உட்காரவைத்து, "அக்கா, ஆண்ட்டிக்குப் புதுசு போட்டுக் காட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சீதாலட்சுமி போட்டார். ஜூடித் டீயில் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டே கேட்டார்.

"நல்லாதான் இருக்கு. ஆனா சொல்றேன்னு தப்பா எடுத்துக்காத மா, எங்க வீட்டுல யாருக்கும் இந்த மியூசிக் புடிக்காது. மம்மி இத வெச்சிட்டாலே கதவ சாத்திடுவாங்க."

"எனக்கும் புடிக்குமான்னு தெரியாது ஆண்ட்டி."

"அப்பறம் இன்னாத்துக்கு மா நாள் பூரா கேக்குற?"

"வேலை."

ஜூடித் சிரித்தார். "என்னோடதையும் கொஞ்சம் போடேன். வீட்டுல பிளேயர் ரிப்பேர் ஆயி முப்பது வருஷம் ஆவுது. ஓடுதான்னு பாத்துடலாம்."

சீதாலட்சுமி அந்தப் பழைய தட்டை விளக்கில் சாய்த்துப் பார்த்தார். தூசி. ஒன்றிரண்டு மயிரிழைக் கோடுகள். துடைத்து, இரண்டாம் பக்கம் வைத்தார். முதல் பாட்டு. இரண்டாவது. மூன்றாவது தொடங்கியது.

டிக்.

அவர் முள்ளைத் தூக்கினார். பின்னால் வைத்தார். டிக். அதே இடம். அதே நகம், அதே மரம்.

இரண்டு தட்டில் ஒரே இடத்தில் ஒரே கீறல் விழாது.

எழுந்து கதவைத் திறந்து கூப்பிட்டார். "மஞ்சுநாத், ரெண்டு நிமிஷம் வா."

"ஏனு அக்கா, பிரஸ் ஓடிட்டிருக்கு."

"நிறுத்திட்டு வா."

தட்டின் நடு லேபிளில் சிறிய வெள்ளை நாடாத் துண்டு ஒட்டினார். அது ஒவ்வொருமுறை கடக்கும்போதும் மஞ்சுநாத் ஒரு கோடு போட வேண்டும். தான் கண்ணை மூடிக்கொண்டு டிக்கை எண்ணுவதாகச் சொன்னார். ஐந்து நிமிடப் பாட்டு. நடுவில் டிரம்ஸ் ஓங்கி, டிரம்பெட் அதற்கு மேல் ஏறி, மஞ்சுநாத்துக்கு டிக் எதுவும் கேட்கவில்லை. சீதாலட்சுமியின் கட்டைவிரல் மட்டும் மற்ற விரல்களின் கணுக்களில் நகர்ந்துகொண்டே இருந்தது. ஜூடித் இரண்டாவது பிஸ்கட்டைக் கையில் வைத்தபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எவ்ளோ?"

"நூத்தி அறுபத்தாறு சுத்து" என்றான் மஞ்சுநாத்.

"நூத்தி எழுபத்தொரு டிக்."

"அஞ்சு அதிகமா எண்ணிட்டீங்க அக்கா."

"எண்ணல. ஆரம்பத்துல சுத்தோட ஒட்டிக்கிட்டு வருது. டிரம்பெட் முடிஞ்சதும் இவங்க கொஞ்சம் கொஞ்சமா வேகமாப் போறாங்க. டிக்கும் அவங்களோட போகுது. பேரிங் சத்தம்னா மோட்டார விட்டு நகராது. இது நகருது. இது தட்டு இல்ல, ஆளு." ஜூடித் பக்கம் திரும்பினார். "ஆண்ட்டி, உங்கப்பா கையில ஏதாவது போட்டிருந்தாரா?"

ஜூடித்தின் பிஸ்கட் டீக்குள் விழுந்தது.

"அய்யோ, அந்த மோதிரமா! இடது கையில தடியா ஒண்ணு, அவங்கப்பா போட்டது. விரல் வீங்கிப்போயி கழட்டவே வராது. கை கீழ வரும்போதெல்லாம் கட்டையில இடிக்கும். பால்மர் அங்கிள் மெட்ராஸ் ஸ்டுடியோ பாத்ரூம்ல சோப்பு போட்டு இழுத்தாராம் மா. நூல் சுத்தி இழுத்தாராம். வரல. 'டொமினிக், உன் விரல வெட்டிட்டு ரெக்கார்ட் பண்ணலாமா'ன்னு கேட்டாராம். டாடி குடிச்சா இதத்தான் சொல்லிச் சிரிப்பாரு."

சீதாலட்சுமி சிரிக்கவில்லை. புதிய தட்டைப் போட்டு, அதே பாட்டைக் கேட்டார். பேஸ் தெளிவாக இருந்தது. மோதிரம் எங்கேயும் இல்லை.

"நாங்க அத அழிச்சிட்டோம் ஆண்ட்டி. நான் எழுதித்தான் அழிச்சாங்க."

"நல்லதாப் போச்சு மா, விடு. பால்மர் அங்கிள் மேல இருந்து பாத்து கைதட்டுவாரு, கடைசியில அது தொலஞ்சிதேன்னு."

ஜூடித்தை ஆட்டோ ஏற்றிவிட்டு வந்ததும் மஞ்சுநாத் பிரஸை ஓட்டப் போனான். சீதாலட்சுமி அவனை நிறுத்தினார். அவர் நிறுத்தச் சொன்னால் நிறுத்துவதுதான் அங்கே வழக்கம். ஆனாலும் அவன் கேட்டான்.

"அக்கா, யாருக்குத் தெரியப் போவுது? அந்த ஆண்ட்டியே பேடா, வேணாம்னுட்டாங்க. சும்னே பேசாம இருங்க. நீங்களா போய்ச் சொன்னா உங்க பேருதான் கெடும்."

அவன் சொன்னது உண்மை. தொழிற்சாலையில் சீதாலட்சுமிக்கு இருந்தது ஒன்றே ஒன்று. அவர் தாளில் எழுதியதை யாரும் திருப்பிக் கேட்பதில்லை. முப்பது லட்சத்துக்கு இயந்திரம் வாங்கலாம், அவர் கையெழுத்தை எங்கே வாங்குவது என்று கிஷோர் வெளியாட்களிடம் சொல்வார். அந்தக் கையெழுத்தின் கீழேதான் தப்பு இருந்தது.

கிஷோர் அறையில் அவர் உட்காரவில்லை. நின்றபடியே சொல்லி முடித்தார். கிஷோர் முதலில் மகிழ்ந்து போனார். மோதிரக் கதையை இன்னொரு முறை சொல்லச் சொன்னார். பிறகுதான் விஷயம் உறைத்தது.

"இருங்கக்கா. அறுநூத்தி நாப்பதையும் அரைக்கணும்ன்றீங்களா?"

"ஆமா சார்."

"பால்மருக்கே அந்தச் சத்தம் புடிக்கல. அவரால முடிஞ்சிருந்தா அவரே எடுத்திருப்பாரு. நாம எடுத்துக் குடுத்தோம். அவ்ளோதானே?"

"அவரால முடியல. அதோடதான் வாசிச்சாங்க, அதோடதான் வெளியிட்டாங்க. எடுக்கறதா வேணாமான்னு முடிவு பண்ணி நாம எடுக்கல சார். நான் கீறல்னு எழுதினேன். நம்பி எடுத்தாங்க. அது கீறல் இல்ல."

"ஜூடித் ஆண்ட்டி என்ன சொன்னாங்க?"

"விட்டுடச் சொன்னாங்க."

"அப்பறம் என்னக்கா?"

"அவங்க பொண்ணு, அவங்க சொல்லலாம். நான் எப்படிச் சொல்றது?"

கிஷோர் ஜன்னல் வழியாக வெளியே நின்ற லாரியைப் பார்த்தார். குரலை உயர்த்தாமல் கேட்டார்.

"இது தப்புன்னா, இதுக்கு முன்னாடி நீங்க கையெழுத்துப் போட்ட நூத்திச் சொச்சம் தட்டு?"

அந்தக் கேள்வி வரும் என்று சீதாலட்சுமி எதிர்பார்த்திருக்க வேண்டும். "அதுலயும் இருக்கலாம் சார். இருபது சுத்தோட நிறுத்தினேன், எல்லாத்துலயும். அந்த விதி என்னுது. கேக்கச் சொன்னீங்கன்னா எல்லாத்தையும் முழுசா மறுபடி கேக்கறேன். மொதல்ல அந்த வெளிநாட்டுக்காரருக்கு எழுதணும். கம்பெனி பேர்ல வேணாம், என் பேர்ல எழுதுங்க. எனக்கு இங்கிலீஷ் வராது, நான் சொல்றேன், நீங்க போடுங்க."

அவர் சொன்னது நான்கு வரி. நான் சீதாலட்சுமி. மூன்றாவது பாட்டில் சுற்றுக்கு ஒரு டிக் என்று எழுதியது தவறு. அது டொமினிக் அவர்களின் மோதிரம், சுற்றுகள் நூற்று அறுபத்தாறு, டிக் நூற்று எழுபத்தொன்று, நீங்களும் உங்கள் தட்டில் எண்ணிப் பாருங்கள். அடித்ததை அனுப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கிஷோர் நடுவில் 'துரதிர்ஷ்டவசமாக' என்று ஒரு வார்த்தை சேர்த்தார். சீதாலட்சுமி படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு, அதை எடுத்துவிடச் சொன்னார்.

வியாழக்கிழமை முழுக்கப் பதில் இல்லை. சீதாலட்சுமி அன்று ஒரு தெலுங்குப் பக்திப் பாட்டுத் தட்டு கேட்டார். இருபது சுற்றோடு நிறுத்தவில்லை. மதியம் கம்பள அறைக் கதவில் ஒட்டியிருந்த மின்னஞ்சலை அவரே கிழித்து எடுத்தார்.

வெள்ளிக்கிழமை காலை பதில் வந்தது. கோபன்ஹேகன்காரர் எண்ணியிருந்தார். முதல் முறை நூற்று அறுபத்தெட்டு, இரண்டாம் முறை நூற்று எழுபது, மூன்றாம் முறை மனைவியைக் கூட உட்காரவைத்து நூற்று எழுபத்தொன்று. அனுப்ப வேண்டாம் என்று எழுதியிருந்தார். ஜூடித்தின் தட்டிலிருந்து மறுபடி எடுத்து, மோதிரத்தோடு, பத்து நாள் தாமதித்து அனுப்பச் சொன்னார். கடைசியில் இன்னொரு வரி இருந்தது. கிஷோர் அதை மெதுவாக மொழிபெயர்த்தார். இனிமேல் அவர்களுடைய சோதனைத் தட்டுகளைச் சீதாலட்சுமியுடன் இன்னொருவரும் கேட்க வேண்டும். இரண்டு தாள், இரண்டு கையெழுத்து.

"சரிதான்" என்றார் சீதாலட்சுமி. "மஞ்சுநாத்தைப் போடுங்க. அவனுக்குக் காது உண்டு, பொறுமைதான் இல்ல."

அன்று பிற்பகல் அறுநூற்று நாற்பது தட்டுகளையும் அட்டையிலிருந்து எடுத்தார்கள். நடு லேபிளை வெட்டியெடுத்துவிட்டு அரைவை இயந்திரத்தில் போட வேண்டும். இது சீதாலட்சுமியின் வேலை இல்லை. ஆனால் அவர்தான் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். மஞ்சுநாத் வாங்கி வெட்டினான்.

"ஒண்ணொண்ணும் பாத்துப் பாத்து அடிச்சேன்க்கா. ஒரு மணல் இல்ல. ஒரு கடுகு இல்ல."

"தெரியும்ப்பா. நீ அடிச்சதுல குறையே இல்ல."

"இதுல எல்லாம் ஒரே ஜோக், உங்களுக்கு இந்தப் பாட்டே புடிக்காது."

"யார் சொன்னா?"

"ஆட்டோ ஏறும்போது அந்த ஆண்ட்டிதான் சொன்னாங்க, நீங்க சொன்னீங்கன்னு."

"தெரியாதுன்னு சொன்னேன்." அடுத்த தட்டை நீட்டினார். "அந்த மோதிரக்காரர் நல்லா வாசிக்கிறாரு. மத்தவங்க எல்லாம் மேல மேல போறாங்க, அவர்தான் கீழ நின்னு புடிச்சிக்கிறாரு."

அவர் ஒரு பாட்டைப் பற்றிக் கருத்துச் சொல்லி மஞ்சுநாத் கேட்டது அதுதான் முதல் முறை. அவன் அதை அன்று மாலைக்குள் தொழிற்சாலை முழுக்கச் சொல்லிவிட்டான்.

புதிய சோதனைத் தட்டு எட்டாவது நாள் தயாரானது. கம்பள அறையில் இன்னொரு நாற்காலி வந்திருந்தது. இருவரும் பேசிக்கொள்ளாமல் கேட்டார்கள், பேசிக்கொள்ளாமல் எழுதினார்கள். மூன்றாவது பாட்டில் மோதிரம் முழுசாக இருந்தது. நூற்று எழுபத்தொன்று. மஞ்சுநாத் விரல் விட்டு எண்ணினான், அவனுக்கும் ஏறக்குறைய வந்தது. முகம் மலர்ந்தது.

நான்காவது பாட்டின் நடுவில் இன்னொரு டிக் வந்தது. இன்னும் மெலிது.

பாட்டு முடிந்ததும் மஞ்சுநாத் தன் தாளில் எழுதினான். எழுதியதை மறைக்காமல் அவருக்குக் காட்டினான். மோதிரம் என்று இருந்தது.

"அதே ஆளு, அதே கை, அக்கா. இதுக்கும் ரிஜெக்ட் போட்டீங்கன்னா சார் அழுதுடுவாரு. நாளு ரெண்டுதான் இருக்கு. போன தடவ கீறல்னு எழுதி என்னாச்சின்னு தெரியுமில்ல?"

சீதாலட்சுமி நாடாத் துண்டை ஒட்டி, பாட்டை மறுபடி முதலிலிருந்து போட்டார். இம்முறை சுற்றையும் அவரே பார்த்தார், டிக்கையும் அவரே எண்ணினார். முடிந்ததும் மூன்றாம் முறை போட்டார். மஞ்சுநாத் நாற்காலியில் நெளிந்தான். எண்பது சுற்று, எண்பது டிக். குழு எங்கே வேகமெடுத்தாலும் டிக் அதோடு போகவில்லை. எண்பத்தொன்றாவது சுற்றில் நின்றுவிட்டது.

எழுதினார். 'நான்காவது பாட்டு, எண்பது சுற்று, ஜூடித் தட்டின் கீறல். அந்த இடத்தைக் கோபன்ஹேகன் தட்டிலிருந்து எடுக்கவும்.' கையெழுத்துப் போட்டார். எழுத்து எப்போதும்போல் பெரிதாக, வட்ட வட்டமாக இருந்தது.

இரண்டு தாளையும் கிஷோர் மேசையில் வைத்தார்கள். ஒன்றில் மோதிரம். இன்னொன்றில் கீறல். கிஷோர் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தார். மஞ்சுநாத் ஏதோ சொல்ல வாயெடுத்தான். கிஷோர் கையைக் காட்டி அவனை நிறுத்திவிட்டு அவரிடம் கேட்டார்.

"எத்தனை தடவக்கா எண்ணினீங்க?"

"ரெண்டு தடவ. முழுசா."

கிஷோர் போனை எடுத்தார்.

"ஆண்ட்ரூ, இன்னும் ஒரு இடம் இருக்கு. ரெண்டாம் பக்கம், நாலாவது பாட்டு. இல்ல, மோதிரம் இல்ல, கீறல். ஆமா, நிச்சயம்தான். அக்கா எண்ணிட்டாங்க."